திப்பு சுல்தானின் உத்திரம்

கோயமுத்தூருக்குப் போகிற வெளியூர்க்காரர்களுக்கு அங்குள்ள நண்பர்கள் வழக்கமாகக் காட்டுகிற இடங்கள் மூன்று: பேரூர்க் கோவில், மருதமலை, பிறகு ஏதாவது ஒரு பஞ்சாலை. இந்த மூன்றையும் நாம் முன்பே பார்த்துவிட்டோம் என்று தெரிந்தவுடன் நமது நண்பர் சிறிது நேரம் திகைத்துப் போனார். பிறகு, "அப்படியானால் நாளைக்காலை மலைக்குப் போய்விடுவோமுங்க" என்று தீர்மானித்தார். நண்பர் மர வியாபாரி. தேக்கு, வேங்கை, மருது என்று மரங்களோடு பழகிப் பழகி மனிதர்களையும் தட்டிப் பார்த்துத் தரம் சொல்லக் கூடியவர். வயது எழுபத்தைந்தைத் தாண்டிய அவருடைய தாயாரும் நம்முடன் புறப்பட்டார். "ஊட்டிக்கு வர்றேனுங்க, ஆனா குதிரைப் பந்தயமும் பூக்கண்காட்சியும் எனக்கு வேண்டாமுங்க" என்று அந்த அம்மாள் முதலிலேயே நிபந்தனை விதித்துவிட்டார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் ஏறினோம். இந்த ரயில் குன்னூர் வரையில் 1899-லும் உதகமண்டலம் வரையில் 1908-லும் போடப்பட்டது. கல்லாறு தாண்டியதும் இஞ்சின் தண்டவாளத்தின் நடுவிலுள்ள பல்சட்டத்தைக் கடித்துக் கொண்டு ஏறுகிற காட்சியைப் பற்றி எவ்வளவோ பேர் எழுதிவிட்டார்கள். நாமும் எழுதி நேயர்களின் பொறுமையைச் சோதிக்க விரும்பவில்லை. நாம் சொல்ல வந்தது மலையைப் பற்றியே அல்ல. அந்த மலைமேல் இருக்கும் ஒரு பழைய கிறிஸ்தவக் கோவிலைப் பற்றி.

உதகமண்டலத்துக் கோவிலுக்கும் கொங்கு நாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரேனும் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நீலகிரி தனி ஜில்லாவானது 1868-ஆம் வருஷத்தில்தான். அதற்கு முன் அது கோயமுத்தூர் ஜில்லாவின் ஒரு பகுதி. இடையில் 1830 முதல் 1843 வரையில் மலையின் பெரும் பகுதியை மலையாள ஜில்லாவோடு ஒட்ட வைத்திருந்தார்கள். அந்தக் கதை பின்னால் வரும். மலைமேல் பட்டணம் உண்டாக்கியவரே கோயமுத்தூர்க் கலெக்டர்தான். இன்றைக்கும் அந்தக் கோவில் தென்னிந்தியத் திருச்சபையின் கோயமுத்தூர்ப் பேராயத்தைச் சேர்ந்தது.

ஊரை விட்டுச் சிறிது மேடேறினால் மரங்களுக்கு நடுவே வெளிர் மஞ்சள் நிறத்தில் அந்தக் கட்டிடம் தெரிகிறது. அர்ச். ஸ்தேவான் ஆலயம் என்பது அதன் பெயர். ஆங்கிலத்தில் ஸெயிண்ட் ஸ்டீபன்ஸ் சர்ச். நமது ஜனங்கள் எல்லாக் கிறிஸ்தவக் கோவில்களையும் 'மாதா கோவில்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். நண்பரின் தாயாரும் அப்படித்தான் சொன்னார். இது மாதாவுக்கு எடுத்த கோவில் அல்ல, கிறிஸ்து மதத்துக்காக முதன்முதலில் உயிரைக் கொடுத்த ஒரு அடியாருக்கு எடுத்தது என்று விளக்கினோம். "கல்லால அடிச்சுக் கொன்னாங்களே, அவருங்களா? பள்ளிக்கூடத்துல டீச்சரம்மா சொல்லியிருக்கறாங்க" என்றார் அந்த அம்மாள். நமக்குத்தான் விளக்கம் தேவைப்பட்டது போலும்!

இங்கிலீஷ்காரர்கள் எந்தத் தேசத்துக்குப் போனாலும் தங்கள் கிராமத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறவர்கள். அவர்களுடைய கிராமம் என்றால் அதன் நடுவே ஒரு பாரிஷ் சர்ச் இருந்தாக வேண்டும். நம் ஊர்க் கோவிலுக்கு மூலஸ்தானம், அர்த்த மண்டபம், மகா மண்டபம் என்று வகுத்திருப்பது போல அதற்கும் ஓர் அமைப்பு உண்டு. மேற்கே சதுரமான கோபுரம். அதன் அடியில் வாசல். உள்ளே ஜனங்கள் உட்காரும் நீண்ட மண்டபம். கப்பல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அந்த மண்டபத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் வந்திருக்கிறது. கூரையை அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த மரக்கலம் போலத்தான் இருக்கும். கிழக்குக் கோடியில் பீடம். சுவர்களில் வர்ணக் கண்ணாடிச் சாளரங்கள். வெளியே சுற்றிலும் இறந்தவர்களின் சமாதிகள். நாம் இறந்தவர்களை ஆற்றங்கரைக்கு அனுப்பிவிட்டுக் குளித்துவிட்டுக் கோவிலுக்குப் போகிறோம். அவர்கள் இறந்தவர்களுக்கு நடுவே நடந்து கோவிலுக்குள் நுழைகிறார்கள். இரண்டில் எது உசத்தி என்ற விவாதத்தில் நாம் இறங்கப் போவதில்லை.

இந்த அமைப்பைத்தான் 7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், தோடர்களின் எருமைகள் மேய்ந்து கொண்டிருந்த மலையில், கொண்டுவந்து வைத்தார்கள். அஸ்திவாரக் கல் நாட்டியது 1829-ஆம் வருஷம் ஏப்ரல் 23-ந் தேதி. நாட்டியவர் அப்போது சென்னைக் கவர்னராயிருந்த ஸ்டீபன் ரம்போல்டு லஷிங்டன். அன்றைக்கு நான்காம் ஜார்ஜ் மன்னரின் பிறந்த நாள் கொண்டாட்டம். மன்னர் உண்மையில் பிறந்தது ஆகஸ்டு மாதத்தில். ஆனால் ராஜாக்களுக்குச் சௌகரியமான வேறொரு நாளில் பிறந்த நாள் கொண்டாடும் பாக்கியம் உண்டு. கவர்னர் துரையின் பெயரும் ஸ்டீபன், கோவில் அடியாரின் பெயரும் ஸ்டீபன் என்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். நாமும் கவனித்தோம், அதற்கு மேல் ஒன்றும் சொல்வதற்கில்லை.

கட்டிட வேலையை நடத்தியவர் பட்டாளத்து இஞ்சினீயரான காப்டன் ஜான் ஜேம்ஸ் அண்டர்வுட். பதினெட்டு மாதங்களில் வேலை முடிந்தது. 1830-ஆம் வருஷம் நவம்பர் 5-ந் தேதி கல்கத்தாப் பிஷப் ஜான் மத்தியாஸ் டர்னர் வந்து பிரதிஷ்டை செய்தார். சென்னை ராஜதானிக் கோவிலுக்குக் கல்கத்தாவிலிருந்து ஏன் பிஷப் வரவேண்டும்? சென்னைக்கென்று தனிப் பிஷப் அப்போது கிடையாது, 1835-ல்தான் ஏற்பட்டார். அதுவரையில் கல்கத்தாப் பிஷப்புகளே வங்காளத்திலிருந்து தென்கோடி வரையில் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அப்படி வந்த ஹீபர் என்னும் பிஷப் 1826-ல் திருச்சிராப்பள்ளியில் காலமானார். டர்னரும் மலைக்கு வந்து போன மறு வருஷமே காலமானார். 1831-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கோவில் ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஜனங்கள் என்றால் எந்த ஜனங்கள் என்று கேட்கக்கூடாது. வெள்ளைக்காரர்கள் தொழுவதற்கென்று மலைமேல் கோவில் இல்லையே என்ற குறைக்காகத்தான் கவர்னர் அதைக் கட்டினார்.

உள்ளே போனோம். மண்டபத்தில் குளிர்ச்சியும் அமைதியும் நிறைந்திருந்தன. சிலுவையில் அறையப்பட்ட இயேசுவும், குழந்தையை ஏந்திய மரியாளும் கண்ணாடிச் சாளரங்களில் ஒளிவிட்டுக் கொண்டிருந்தார்கள். கடைசி இராப்போஜனத்தைச் சித்திரிக்கும் பெரிய படம் ஒன்றும் இருந்தது. சீமையிலுள்ள பெரிய தேவாலயங்களின் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டிடம் பிரமிப்பூட்டாது. கூர்நுனி வளைவுகளும் கோட்டை மதில் போன்ற கைப்பிடிச் சுவரும் இருக்கின்றனவே தவிர, பழைய காதிக் சிற்பிகளின் கைவண்ணம் இதில் இல்லை. பட்டாள இஞ்சினீயர் கட்டியது; பட்டாளத்து ஒழுங்கோடு இருக்கிறது. அவ்வளவுதான்.

நாமும் நண்பரின் தாயாரும் சாளரங்களைப் பார்த்துக் கொண்டிருந்தோம். நண்பர் மட்டும் தலையை அண்ணாந்தபடி அசையாமல் நின்றார். வெகுநேரம் கழித்து அருகில் வந்து, தாழ்ந்த குரலில், "ஏனுங்க, இந்த உத்திரத்தையெல்லாம் எங்கிருந்துங்க கொண்டாந்தாங்க? இது இந்த மலை மரமில்லீங்களே" என்றார்.

மர வியாபாரியின் கண் தப்பவில்லை. அவை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வந்தவை. திப்பு சுல்தானின் லால் பாக் அரண்மனையைப் பிரித்து, அதன் பெரிய உத்திரத்தையும் மற்ற மரங்களையும் இந்தக் கோவிலுக்காக மலையேற்றினார்கள். யானைகளைக் கட்டி இழுத்தார்கள் என்று சொல்கிறார்கள். மைசூர்ச் சீமையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் காட்டு வழி. அதன் முடிவில் மலையேற்றம். மொத்தச் செலவு 24,000 ரூபாய் என்று பழைய கணக்கு. மரத்துக்கு விலை போட்டார்களோ இல்லையோ, அந்த அரண்மனைக்குச் சொந்தக்காரன் விலை கேட்கும் நிலையில் இல்லை. 1799-ஆம் வருஷம் மே மாதம் 4-ந் தேதி கோட்டை வாசலருகே போரிட்டு மடிந்து முப்பது வருஷமாகிவிட்டது.

இதை நாம் சொன்னபோது நண்பருக்கு உண்டான முக மாறுதலை எப்படி வர்ணிப்பது? கொங்கு நாட்டாருக்குத் திப்பு வெறும் பாட புஸ்தகத்துப் பெயரல்ல. 1799 வரையில் கோயமுத்தூரும் அதைச் சுற்றிய பிரதேசமும் மைசூர் ஆட்சியில் இருந்தன. வரி கொடுத்தவர்கள் கொங்கு நாட்டார். வரிக் கொடுமை பொறுக்காமல் முணுமுணுத்தவர்களும் அவர்களே. பிறகு கம்பெனிப் படையை எதிர்த்துத் திப்புவுடன் சேர்ந்து நின்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். தீரன் சின்னமலையின் பெயரைச் சொன்னால் ஈரோடு, காங்கயம் பக்கத்தில் நெஞ்சு நிமிராதவர் யார்? சுல்தான் வீழ்ந்த பின்னும் ஆறு வருஷம் கம்பெனிக்குத் தலைவணங்காமலிருந்து, 1805-ஆம் வருஷம் ஆடிப் பெருக்கு சமயத்தில் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டவர் அவர். அந்தப் போரில் வென்றவர்கள்தான் தோற்றவனுடைய வீட்டு உத்திரத்தை எடுத்துத் தங்கள் தெய்வத்தின் தலைக்கு மேல் வைத்தார்கள்.

"தேக்காத்தான் இருக்கணுமுங்க. வைரம் பாஞ்ச மரம். சுல்தான் வீட்டுல இருந்தா என்னங்க, சாமி வீட்டுல இருந்தா என்னங்க, அது தன் வேலையைச் செய்யுமுங்க" என்றார் நண்பர். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் ஊறியிருப்பதால் செல் அதை எளிதில் அண்டாது. முற்றின மரத்தை நன்றாக உலர வைத்து உத்திரமாகப் போட்டால் கட்டிடம் விழுந்தாலும் மரம் விழாது. பழைய வீடுகளை இடிக்கிறவர்கள் சுவரை மண்ணாக்கிவிட்டு உத்திரத்தை மட்டும் பத்திரமாக எடுத்து விற்பதன் ரகசியம் இதுதான் என்று நண்பர் தொழில் நுணுக்கத்தை விவரித்தார். கோயமுத்தூரில் அவர் வாங்கி விற்கும் சரக்கில் ஒரு பகுதி அவ்விதம் இடித்த வீட்டு மரமாம். "அப்போ கவர்னரும் நம்மாட்டப் பழைய மர வியாபாரிதானுங்க" என்று சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை.

தோற்றவன் பொருளை வென்றவன் கொண்டுபோய்க் கோவிலில் வைப்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வழக்கம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்முடைய சோழர்களும் அதைச் செய்தார்கள். பதினோராம் நூற்றாண்டில் முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியர்களின் கலியாணபுரத்தை அழித்து அங்கிருந்து ஒரு துவாரபாலகர் சிலையைச் சோழ நாட்டுக்குக் கொண்டுவந்தான். தாராசுரத்தில் நெடுங்காலம் இருந்த சிலை அது. ஆனால் சோழன் ஒரு காரியம் செய்தான். எந்த ஊரை வென்று, யார் கொண்டுவந்தது என்பதை அந்தச் சிலையிலேயே தமிழில் வெட்டி வைத்தான். பெருமைக்காகத்தான் வெட்டினான்; ஆயினும் அதனால் சிலையின் பிறந்த ஊர் மறையவில்லை. ஆயிரம் வருஷம் கழித்தும் பார்க்கிறவர்கள், 'இது சாளுக்கிய சிற்பியின் கை வேலை' என்று தெரிந்துகொள்கிறார்கள். உதகமண்டலத்துக் கோவிலின் சுவரெல்லாம் எழுத்து. உத்திரத்தின் வரலாறோ ஊராரின் வாய்மொழியிலும் புஸ்தகங்களிலும் தங்கியிருக்கிறது.

சுவர் எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாரிஷ் சர்ச்சுகளில் ஊர்ப் பெரியவர்கள் இறந்தால் அவர்கள் பெயரைச் சலவைக் கல்லிலோ பித்தளைத் தகட்டிலோ பொறித்துச் சுவரில் பதிப்பது வழக்கம். நம் கோவில் அதிஷ்டானத்தில் தானம் கொடுத்தவர்களின் பெயர் இருக்கும். இங்கே இறந்துபோனவர்களின் பெயர். உதகமண்டலத்திலும் அப்படியே. இவற்றையெல்லாம் பார்க்கும்போது சுதந்திரம் அடைந்த தேசத்துக் குடிமகனுக்கு உள்ளூரச் சிறிது எரிச்சல் உண்டாவது இயல்பே. நமக்கும் உண்டாயிற்று. அந்த எரிச்சலோடுதான் ஒவ்வொரு கல்லாகப் படித்துக்கொண்டு போனோம்.

ஒரு கல்லுக்கு முன்னால் எரிச்சல் நின்றுவிட்டது. ஜார்ஜியானா கிரேஸ் என்ற ஒரு பெண்மணியின் ஞாபகார்த்தக் கல் அது. கோயமுத்தூரில் கலெக்டர் உத்தியோகம் பார்த்த ஜே. சி. ராட்டன் துரையின் மனைவி. 1847-ல் இறந்தபோது அவளுக்கு வயது முப்பது. ஏழு குழந்தைகளை விட்டுப் போனாள்.

ஆங்கில வாசகத்தின் பொருளை நண்பரின் தாயாருக்குச் சொன்னோம். அந்த அம்மாள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"முப்பது வயசுக்குள்ள ஏழாங் சாமி? அப்புறம் அந்தப் புள்ளைகளை ஆரு பார்த்துக்கிட்டாங்களாம்?" என்று மகனைக் கேட்டார்.

மகனுக்கு எப்படித் தெரியும்? கல்லில் அது எழுதவில்லை. "ஆயா வச்சிருப்பாங்கம்மா" என்றார்.

"ஆயா இருந்திருப்பா. நம்ம ஊர்க்காரியாத்தான் இருப்பா. அவ பேரு எழுதியிருக்குதான்னு பாரு" என்றார் அந்த அம்மாள்.

எழுதவில்லை. நாம் அந்தச் சுவர்களில் வாசிக்க முடிந்தவற்றையெல்லாம் வாசித்தோம். உத்திரத்தை இழுத்த யானைப் பாகர்கள், கல் உடைத்த ஒட்டர்கள், சுண்ணாம்பு அரைத்த பெண்கள், பல்லக்குத் தூக்கிய போயர்கள், ஏழு குழந்தைகளை இடுப்பில் சுமந்த ஆயா இவர்களில் ஒருவரும் கல்லில் இல்லை. நியாயத்தை ஒட்டிப் பேசினால் பேரூர்க் கனகசபையின் சிற்பத் தூண்களைச் செதுக்கியவர்களின் பெயர்களையும் நம்மில் யார் அறிவோம்? கல் என்பது எந்த நாட்டிலும் பணம் கொடுத்தவனுக்கு விசுவாசமாகவே இருந்து வந்திருக்கிறது.

இந்தக் கற்களைப் பெயர்த்து எறிய வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுடைய தேச பக்தியை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் முப்பது வயதில் இறந்த தாயின் கல்லைப் பெயர்ப்பதால் சின்னமலைக்கு என்ன கௌரவம் கூடிவிடும்? பெயர்ப்பதைக் காட்டிலும் ஒன்று சேர்ப்பதே உத்தமம் என்பது நம் அபிப்பிராயம். உத்திரத்தின் கீழே, எல்லோர் கண்ணிலும் படும்படி, நல்ல தமிழில் ஒரு கல் பதிக்கலாம். இந்த மரம் எந்த அரண்மனையில் இருந்தது, அந்த அரண்மனை யாருடையது, எந்த வருஷத்தில் இதை இங்கே கொண்டுவந்தார்கள், பெயர் தெரியாத எந்தெந்தத் தொழிலாளிகள் தூக்கி நிறுத்தினார்கள் என்ற நாலு வரி போதும். கோவிலை வெள்ளைக்காரர்கள் வைத்துக்கொண்டிருந்த காலத்தில் இதைக் கேட்டிருக்க முடியாது. 1947-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் தென்னிந்தியத் திருச்சபை ஏற்பட்டது முதல் இது நம்மவர்களின் கோவில். அவர்கள் மனம் வைத்தால் செய்யலாம்.

வெளியே வந்து சமாதிகளுக்கு நடுவே நடந்தோம். சரிவில் வரிசை வரிசையாக இறங்கிப் போகின்றன. சில கற்கள் சாய்ந்திருக்கின்றன. சிலவற்றில் பாசி படர்ந்து எழுத்தை மூடிவிட்டது. பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். சமவெளியில் ஜுரம் கண்டு, மலைக் காற்றில் பிழைக்கலாமென்று நம்பி, வந்த இடத்திலேயே கண்ணை மூடியவர்கள் எத்தனையோ! வில்லியம் கிரகாம் மக்ஐவர் என்பவரின் உடலும் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டது. உதகமண்டலத்துச் சர்க்கார் தோட்டத்தை 1848 முதல் வளர்த்தவர், கொயினா மருந்துக்கு வேண்டிய சின்கோனா மரத்தை நீலகிரியில் பயிராக்கியவர், 1876-ல் காலமானார். மலையடிவாரத்து ஊர்களில் மலைக் காய்ச்சலுக்குக் குடும்பம் குடும்பமாகப் பலி கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் கசப்பான அந்தப் பட்டையினால் பிழைத்தவர்களில் கொங்கு நாட்டாரும் உண்டு. ஆகையால் அவர் சமாதியருகில் நாம் தொப்பியைக் கழற்றினோம்; அதாவது, தலையில் சுற்றியிருந்த கம்பளி மப்ளரை.

இந்தச் சரிவில்தான் ஜான் ஸல்லிவனின் மனைவி ஹென்ரியெட்டாவும் மகள் ஹாரியட்டும் கிடக்கிறார்கள். இருவரும் இறந்தது 1838-ல். ஸல்லிவன் துரை 1815 முதல் 1830 வரையில் கோயமுத்தூர்க் கலெக்டர். கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் முதலில் பங்களா கட்டியவர். பிறகு உதகமண்டலத்தில் கல் பங்களாவும் ஏரியும் ஏற்படுத்தியவர். தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கியவரும் அவர்தான். மலை நிலம் முழுவதும் தோடர்களுக்கே உரிமையானது, சர்க்காருக்கு அல்ல என்று தம் மேலதிகாரிகளோடு வாதாடியவரும் அவர்தான். மனிதர்களை ஒரே தராசில் நிறுத்த முடிவதில்லை. கோவிலைக் கட்டிய கவர்னர் லஷிங்டனுக்கும் அவருக்கும் ஒத்துப் போகவில்லை. 1830-ல் மலையைக் கோயமுத்தூரிலிருந்து பிரித்து மலையாள ஜில்லாவில் சேர்த்தது அந்தக் கவர்னரின் காலத்தில் நடந்த காரியம். தமக்கு வேண்டாதவர் கட்டிய கோவிலின் நிலத்திலேயே மனைவியையும் மகளையும் புதைக்க நேர்ந்தது ஸல்லிவனுக்கு.

நம் தேசிய இயக்கத்துப் பெரியவர்கள் வெகு காலம் எடுத்தாண்ட ஓர் உவமை உண்டு. கம்பெனி ஆட்சி கடற்பஞ்சைப் போன்றது. கங்கைக் கரையில் நல்லதையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு தேம்ஸ் நதிக் கரையில் கொண்டுபோய்ப் பிழிகிறது என்பது அதன் கருத்து. அதைச் சொன்னவர் காங்கிரஸ்காரர் அல்ல. காங்கிரஸ் பிறப்பதற்கு முப்பது வருஷத்துக்கு முன்பே காலமான இந்த ஸல்லிவன்தான். சென்னை ரெவினியூ போர்டில் பெரிய பதவி வகித்து, 1841-ல் சீமைக்குத் திரும்பிய பின்பும், இந்திய சமஸ்தானங்களைக் கம்பெனி விழுங்கக்கூடாது என்று அவர் எழுதி வந்தார்.

நண்பரின் தாயார், "அந்தத் துரையை எங்க அடக்கம் பண்ணியிருக்குது?" என்று கேட்டார். சீமையில் என்றோம்.

"புருஷன் அங்க, பொண்டாட்டியும் புள்ளையும் இங்கயா?"

ஆமாம். லண்டன் விமான நிலையத்துக்குச் சமீபத்தில் ஸ்லௌ என்று ஒரு நகரம் இருக்கிறது. அதைச் சேர்ந்த அப்டனில் அர்ச். லாரன்ஸ் ஆலயம் என்று ஒரு பாரிஷ் சர்ச். நாம் மேலே வர்ணித்த இங்கிலீஷ் கிராமக் கோவிலின் அசல் அது. நார்மன் அரசர்கள் காலத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் எடுத்தது. கனமான சதுரக் கோபுரம் அதற்கும் உண்டு. 1781-ல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் என்ற வான சாஸ்திரியை 1822-ல் அங்கே அடக்கம் செய்தார்கள். ஊராருக்கு ஹெர்ஷலின் பெருமை தெரியும். அவர் ஞாபகமாக வர்ணக் கண்ணாடிச் சாளரம் கூட வைத்திருக்கிறார்கள். அதே கோவில் வளாகத்தில், 1855-ஆம் வருஷம் ஜனவரி மாதம் இறந்த ஸல்லிவனின் கல்லறையும் இருந்தது. அதை யாரும் தேடவில்லை. நீலகிரியின் சரித்திரத்தில் ஆர்வங்கொண்டவர்கள் தேடிப்போய்க் கண்டுபிடித்தது சமீப காலத்தில்தான். 2022-ல் உதகமண்டலத்தின் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடியபோது தமிழ்நாட்டு முதலமைச்சர் அவருக்கு ஊர் நடுவே ஒரு மார்பளவுச் சிலை திறந்து வைத்தார்.

இவ்வளவையும் நாம் சொல்லி முடிப்பதற்குள் மேகம் இறங்கிவிட்டது. கோபுரத்தின் மேற்பாதி கண்ணுக்கு மறைந்து, கோவில் கூரையும் மங்கிற்று. உல்லாசப் பிரயாணிகள் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு மோட்டார்களை நோக்கி ஓடினார்கள். கோவில் காவற்காரர் கதவைச் சாத்தத் தயாராக நின்றார். நண்பர் அவரிடம் போய், அடுத்த தடவை வரும்போது ஏணி ஒன்று கிடைக்குமா, உத்திரத்தின் நீள அகலத்தை அளந்துகொள்ள அனுமதிப்பார்களா என்று விசாரிக்க ஆரம்பித்தார். ஐயரவர்களிடம் கேட்டுச் சொல்வதாகக் காவற்காரர் பதில் சொன்னார்.

நாம் திரும்பிப் பார்த்தபோது நண்பரின் தாயார் இன்னும் சரிவிலேயே இருந்தார். பெயர் அழிந்துபோன ஒரு சின்னச் சமாதியின் அருகே குனிந்து, கல்லின் வெடிப்பில் முளைத்திருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார். மழை வருகிறது என்று மகன் குரல் கொடுத்தார்.

"வாரேன், சாமி. இது ஒண்ணு முடிஞ்சுதுன்னா வாரேன்" என்றார்.